ஐம்பத்தொன்பதாவது படியில் ஒரு பூஜ்யம்

மார்ச் 3

பல் டாக்டருக்கு என்று போன் செய்தேன், டயர் கடைக்காரர் எடுத்தார். நான்கு முறை. கடைசி முறை அவரே, "அண்ணே, உங்களுக்கு டயர் வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டார். நோட்டைப் பார்த்தால், போன வாரம் நானே என் கையால் எழுதிய எண். 46 இருக்க வேண்டிய இடத்தில் 64.

தலையில் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு எண்பத்தொரு நாள். உள்ளே கசிந்த இரத்தத்தை எடுத்துவிட்டார்கள், தையல் ஆறிவிட்டது, முடியும் வளர்ந்துவிட்டது. "நீங்க பழைய ஆளா ஆயிட்டீங்க சார்" என்கிறார் டாக்டர். ஏப்ரல் முடியும்வரை லீவு, மே மாதம் வேலைக்குப் போகலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, அவர் ஸ்கேனைத்தானே பார்த்தார். டயர் கடைக்காரரோடு அவர் பேசவில்லை.

குடிநீர் நிலையத்தில் வேலை எனக்கு. ஊரே குடிக்கிற தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலப்பது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் கணக்குப் போட்டு எழுதுகிறவன் நான். அங்கே இரண்டு இலக்கம் இடம் மாறினால் யாரும் போனை எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 4

முடிவு செய்துவிட்டேன். எனக்கு நானே ஒரு பரீட்சை.

கல்லூரியில் படிக்கும்போது தொடங்கி, பன்னிரண்டாவது படியில் சலித்துப்போய் விட்டுவிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டை அறுபத்தொரு முறை எழுதிப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது:

2305843009213693951

பத்தொன்பது இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண், பகா எண். கம்ப்யூட்டரின் பாஷையில் இதை எழுதினால் வரிசையாக அறுபத்தொரு ஒன்றுகள், நடுவில் ஒரு சைபர் கிடையாது. இது பகா எண்தான் என்று நூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள். ஆகவே எண்ணின்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பரீட்சை எழுதப்போவது நான்.

வழி சுலபம். நான்கில் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, வருவதை அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதேபோல். இப்படி ஐம்பத்தொன்பது முறை செய்தால் கடைசி மீதி பூஜ்யம். நடுவில் ஒரே ஓர் இலக்கம் பிசகினாலும் கடைசியில் வேறு ஏதாவது குப்பைதான் வந்து நிற்கும். அதுவரை ஒன்றும் தெரியாது.

கை பழக, சின்ன எண்ணில் செய்து பார்த்தேன். ஏழு இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. ஐந்தே படி. 4, 14, 67, 42, 111, பிறகு பூஜ்யம். சரி. பதினோரு இரண்டுக்கு 2047. பார்த்தால் பகா எண் போலத்தான் நல்ல பிள்ளையாக நிற்கிறது. கடைசியில் 1736 வந்து நின்றது. உண்மையில் அது இருபத்துமூன்றையும் எண்பத்தொன்பதையும் பெருக்கிய எண். பார்வைக்கு நன்றாக இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. (டாக்டர் கவனிக்க.)

பெரிய எண்ணுக்கு முதல் ஐந்து படிகளை இன்றே முடித்துவிட்டேன். அவற்றில் வகுக்கவே வேண்டியதில்லை, ஐந்தாவதில்தான் பத்தொன்பது இலக்கம் வருகிறது. நாளையிலிருந்து தினம் ஒரு படி. கால்குலேட்டர் கிடையாது. பூஜ்யம் வந்தால் வேலைக்குப் போகிறேன். வராவிட்டால் ராஜினாமா.

மார்ச் 5

ஆறாவது படி. இரண்டே முக்கால் மணி நேரம். கட்டம் போட்ட நோட்டில் நான்கு பக்கம். அந்த எண்ணுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை வாய்ப்பாடு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். ராஜினாமாவை மட்டும் சொல்லவில்லை. அவள் அறுவை அரங்கில் நர்ஸ். தையல் போடுவதற்கு முன் பஞ்சுத்துணி எத்தனை, ஊசி எத்தனை, இடுக்கி எத்தனை என்று எண்ணிச் சொல்பவள். நோட்டைப் புரட்டிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "யாரு சரிபாக்கறது?"

"நான்தான். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"எண்ணின ஆளே திரும்ப எண்ணக் கூடாது. கண்ணு முன்னாடி பாத்ததையேதான் மறுபடியும் பாக்கும். எங்ககிட்ட எல்லாம் இப்படிச் செஞ்சா வெளியே அனுப்பிடுவாங்க."

ஒன்பதைக் கொண்டு சரிபார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஓர் எண்ணின் இலக்கங்களையெல்லாம் கூட்டி, அதையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பதினாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், காலைச் சூடு தண்ணீரில் வைத்துக்கொண்டு கூட்டினாள். "சரி" என்றாள்.

மார்ச் 9

பத்தாவது படி. மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. நான் ஹாலில் உட்கார்ந்து பெருக்குவதை மூன்று நாளாக ஒன்றும் கேட்காமல் பார்த்திருக்கிறார்.

"கடைசியில என்ன வரும் மாப்பிள்ள?"

"பூஜ்யம் வரணும் அத்தை."

"பூஜ்யம் வாங்கறதுக்கு ரெண்டு மாசம் உக்காந்து படிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

மார்ச் 14

பதினைந்து. ஒன்பது ஒத்துப்போனது. அறுவைக்குப் பிறகு பலம் குறைந்திருந்த இடது கை இன்று நோட்டை ஒழுங்காகப் பிடித்தது. அதற்கு நன்றி.

மார்ச் 20

டாக்டரிடம் போனதால் படி இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பத்தொன்பது இலக்கத்தைப் பெருக்குகிறவனிடம் போய்! கோபம் வந்தது. ஆனால் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்கு என் மண்டைக்குள் கையை விட்ட மனிதர் அவர்தான். எதற்கெடுத்தாலும் அவரிடம் எரிந்து விழுகிறேன். அடுத்த முறை ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும்.

மார்ச் 26

தராசு வந்திருந்தான், ஒரு பை ஆரஞ்சோடு. குளோரின் அறையில் பதினோரு வருடமாக என்னோடு ஒரே ஷிப்ட். படிகாரத்தையும் நிறுத்துத்தான் போடுவான், வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவான், அதனால் தராசு. பதிவேட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கையெழுத்து அவனுடையது.

"எப்ப சார் வரீங்க?"

"வருவேன்."

"சரி சார்." அரை மணி நேரத்தில் பேசியது இவ்வளவுதான்.

நல்லவன்தான், ஆனால் சோம்பேறி. நான் கீழே போய், தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் மீட்டரைப் படித்து வந்து எழுதியிருப்பேன். திடீரென்று ஒரு நாள், "சார், ஒருதடவ மீட்டரப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்பான். தான் போக மாட்டான். நாற்பது படி இறங்கி, இருநூறு அடி நடந்து, மறுபடி நாற்பது படி ஏற வேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், துரை ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இதில் ஒரே லாபம், சில தடவை அப்படிப் போனபோது முதலில் தப்பாக எழுதியது என் கண்ணில் பட்டிருக்கிறது. நானே அடித்துத் திருத்திவிடுவேன். அப்போதெல்லாம் என் கண் அப்படி. இப்போது?

ஏப்ரல் 7

முப்பத்தெட்டு. ஒன்பது ஒத்துப்போனது. மனசு லேசாக இருக்கிறது.

ஏப்ரல் 16

நாற்பத்தேழு. இந்த எண்ணோடு நாற்பது நாளுக்குமேல் குடித்தனம் நடத்தியதில் ஒரு மரியாதை வந்துவிட்டது. இதை வகுக்கிற எண் ஒன்று உண்டென்றால், அது 122-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். மற்றவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். அந்தத் தகுதியோடு வருபவையும் கோடிக்கணக்கில் முட்டிப் பார்க்கலாம், ஒன்றும் நடக்காது. யாருடைய தயவும் வேண்டாதது. எனக்கு அந்தக் கர்வம் பிடித்திருக்கிறது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் கூட்டிக்கொண்டே, "அதுக்கென்ன, அது எண்ணு. அதுக்குக் காய்ச்சல் வராது" என்றாள்.

பிறகுதான் உறைத்தது. நாற்பத்திரண்டு நாளாகத் தினம் வேலை முடிந்து வந்து எனக்காக இலக்கங்களைக் கூட்டுகிறாள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் கேட்டதும் அவள் எண்ணிய குரல்தான். என் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று. அவளிடம் நன்றி சொல்லியிருக்கிறேனா? எழுதத்தான் வருகிறது.

ஏப்ரல் 28

ஐம்பத்தொன்பது.

பூஜ்யம் இல்லை.

பதினெட்டு இலக்கம். 7-இல் தொடங்குகிறது. மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். அதே குப்பை.

ஏப்ரல் 29

என்னத்த எழுதறது. ரெண்டு மாசம். ரெண்டு மாசம் உக்காந்து உக்காந்து — எல்லாம் வீண். எங்கே தப்பு? எந்தப் படியில? தெரியாது. ஒன்பது எல்லாம் ஒத்துப்போச்சே! அப்ப என்ன அர்த்தம்? மூளை போச்சுன்னு அர்த்தம். வேற என்ன.

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஐந்து வரி. அதில் தேதியை 92 என்று எழுதி அடித்தேன். பொருத்தம்தான்.

மாமியார் தட்டில் எதையோ வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவரே ஒன்றும் சொல்லவில்லை என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும்.

ஏப்ரல் 30

கடிதம் மனைவி கையில் சிக்கிவிட்டது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அரங்குல ஒரு பஞ்சு குறைஞ்சா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? எண்ணினவள வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். பஞ்சத் தேடுவோம். மேசைக்கு அடியில, குப்பைக் கூடையில, எங்க இருந்தாலும் சரி. கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது."

"ஒன்பத வச்சுத் தேடியாச்சே."

"ஒன்பதுக்குத் தெரியாத தப்புன்னு ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. 46-ஐ 64 என்று எழுதினாலும் கூட்டினால் பத்துதான். இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுக்குக் கண் தெரியாது. அதற்குப் பதினொன்று வேண்டும். பதினொன்றைக் கொண்டு சரிபார்த்தால், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருந்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். இது எனக்கு மார்ச் ஐந்தாம் தேதியே தெரியும். தெரிந்தேதான் அவளுக்கு ஒன்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். எந்தத் தப்புக்குப் பயந்தேனோ அந்தத் தப்பைப் பார்க்க முடியாத காவலாளியாகப் பார்த்து வேலைக்கு வைத்திருக்கிறேன்.

இதை அவளிடம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டு, "ரெண்டு மாசம் என்னைச் சும்மா கூட்ட வச்சீங்களா?" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன் இல்லை.

மே 1

இருவருக்கும் லீவு. காலையிலிருந்து பதினொன்று. அவள் இலக்கங்களைப் படிக்க, நான் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தேன். முப்பத்தேழுவரை எல்லாம் சரி. முப்பத்தெட்டில் நின்றது.

முப்பத்தேழாவது படியின் மீதி பக்கத்தின் அடியில் ஒழுங்காக இருக்கிறது. அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதியபோது இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. 46, 64. அதே ஜோடி! மனசு லேசாக இருக்கிறது என்று எழுதினேனே, அதே நாள்.

"பஞ்சு கிடைச்சிடுச்சு" என்றாள் அவள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தப்பு கிடைத்துவிட்டது, சரி. ஆனால் தப்பு செய்கிற தலை இதுதானே? இந்தத் தலையை வைத்துக்கொண்டு எப்படிக் குளோரின் அறைக்குப் போவது?

மே 2

தராசை வரச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் கேட்காமல். வந்தான். இவள் நோட்டைக் காட்டி, "பாருங்க அண்ணா, இதுக்காக வேலைய விடப்போறாராம்" என்றாள். தராசு இரண்டு இலக்கத்தையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். போனை எடுத்தான்.

அதில் எங்கள் பதிவேட்டின் படங்கள். இவள் போனில் விஷயத்தைச் சொன்னதுமே அவன் மொத்தமாக எடுத்து வந்திருந்தான். முதல் படம் ஏழு வருடத்துக்கு முந்தைய பக்கம், என் கையெழுத்து. மீட்டர் அளவில் 73 என்று எழுதி அடித்து, மேலே 37. பக்கத்தில் என் சுருக்கொப்பம். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. அடுத்த படம், 91 அடித்து 19. புள்ளி. அடுத்தது. அடுத்தது.

"இந்தப் புள்ளி?"

"நான் வச்சது சார். உங்கள மீட்டருக்குத் திருப்பி அனுப்பி, நீங்க திருத்தின நாளெல்லாம்."

"அனுப்பினியா? நீ போகச் சோம்பேறித்தனப்பட்டு..."

"சார், முந்தின மணிக்கு 37 ஓடின தண்ணி திடீர்னு 73 எப்படி ஓடும்? நீங்க எழுதும்போதே தெரிஞ்சுடும்."

"அப்ப நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

தராசு வார்த்தையை நிறுத்துப் பார்த்தான். "மொத வருஷம் ஒருதடவ சொன்னேன் சார். நாலு நாள் எங்கூடப் பேசல நீங்க."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் அவளும் அத்தையும் சிரிக்கிற சத்தம் ஹால்வரை கேட்டது.

படங்களை எண்ணினேன். பதினோரு வருடத்தில் நாற்பத்தொரு புள்ளி. தராசு திரும்ப எண்ணினான். நாற்பத்தொன்று. எல்லாம் என் தலைக்குள் யாரும் கைவைப்பதற்கு முன்னால் நடந்தவை. இது நோய் இல்லை. இது நான். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் போலிருக்கிறது. என் கண் கூர்மை என்று நான் மார்தட்டிக்கொண்டதெல்லாம் இவன் என்னை நடக்கவிட்டுக் காட்டியது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அது இவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற புண்ணியம்.

அழுதுவிட்டேன். தராசு, தான் கொண்டுவந்திருந்த ஆரஞ்சின் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெரிய எண்ணுக்கு யார் தயவும் வேண்டாம் என்று எழுதினேனே, அதற்குக்கூட நூறு வருடத்தில் எத்தனை பேர் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருப்பார்கள்? என் தயவும் சேர்த்துத்தான்.

மே 5

வேலைக்குப் போனேன். பூஜ்யம் வராமலேயே.

மே 17

முப்பத்தெட்டாவது படியிலிருந்து மறுபடி. இப்போது நாற்பத்திரண்டு. ஒன்பதும் பதினொன்றும். இரண்டையும் மனைவிதான் பார்க்கிறாள். பழைய சம்பளமே போதுமாம், அதாவது ஒன்றுமில்லை.

ஜூன் 2

டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டேன். அவர் திடுக்கிட்டுப்போய் மறுபடி நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்துக் காட்டினேன்.

ஜூன் 21

ஞாயிறு. ஐம்பத்தொன்பது. கடைசி வகுத்தலில் கழிக்கக் கழிக்க ஒவ்வோர் இலக்கமாக அணைந்துகொண்டே போனது. கடைசி வரியில், மேலே 2305843009213693951. கீழேயும் 2305843009213693951.

நான் கழிக்கவில்லை. நோட்டை மனைவி பக்கம் தள்ளினேன். அவள் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டு, கீழே கோடு போட்டு, 0 என்று எழுதினாள்.

அத்தை எட்டிப் பார்த்தார். "வாங்கிட்டீங்களா? எல்லாருக்கும் இனிப்பு செய்யறேன். பூஜ்யத்துக்கு இனிப்பு செய்யற வீடு இதுவாத்தான் இருக்கும்."

ஜூன் 24

காலை ஷிப்ட். மீட்டரைப் படித்து வந்து எழுதினேன். கணக்குப் போடக் கையெடுத்தபோது பக்கத்தில் செருமல்.

"சார், ஒருதடவ மீட்டரப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

போனேன். நாற்பது படி இறங்கி, இருநூறு அடி நடந்து, மீட்டரை விரல் வைத்துப் படித்தேன். 58. திரும்பி வந்தபோது தராசு ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு தொட்டி, ஒரு சுவர், அவ்வளவுதான். பதினோரு வருடமாக அந்தச் சுவரைத்தான் பார்த்திருக்கிறான்.

நான் 85-ஐ அடித்து 58 என்று எழுதி, ஒப்பமிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் புள்ளியையும் நானே வைத்தேன்.

"முடிஞ்சுது" என்றேன். அப்புறம்தான் அவன் திரும்பினான்.